ஆலை பயோகேஸ் பிளாண்டுக்குச் சொந்த அலைவரிசை கிடைக்குமா? சிம் கார்டை நம்பி அலுத்துவிட்டது

ஆலைக்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். எண்ணெய் பிழிகிற பக்கம் இல்லை. கழிவுநீர்க் குளத்தை மேலே மூடிவிட்டு, அதிலிருந்து கிளம்பும் மீத்தேனைப் பிடித்து, இன்ஜின் ஓட்டிக் கரண்ட் எடுக்கிறோமே, அந்த பயோகேஸ் பிளாண்ட். எடுக்கிற கரண்ட் 11 கேவி லைனில் ஏறி வெளியே போகிறது, அதற்குக் காசு வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எங்கள் பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, எத்தனை கிலோவாட் போகிறது, வோல்டேஜ் எவ்வளவு, இதெல்லாம் மின் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஆர்டியு என்று ஒரு பெட்டி இதையெல்லாம் சேர்த்து மோடம் வழியாக அனுப்புகிறது. மோடத்தில் இருப்பது சாதாரண கைப்பேசி சிம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் நல்ல மழை. யாரோ வீட்டு டுரியான் மரம் லைனில் சாய்ந்து கரண்ட் போனது. எங்கள் இன்ஜின் தானாக நின்றது, அது நிற்கத்தான் வேண்டும். லைன்மேன்கள் வந்து மரத்தை அறுத்து இரண்டு மணி நேரத்தில் லைனைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் நாங்கள் திரும்ப லைனில் ஏறியது மறுநாள் காலை பத்து மணிக்கு! ஏனென்றால் இந்தப் பக்கத்துக்கு இருக்கிற ஒரே டவர் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது, கரண்ட் வந்த பிறகும் அது எழுந்திருக்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்கு நாங்கள் கண்ணில் படவில்லை. கண்ணில் படாதவனை லைனில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், அதில் தப்பே இல்லை. அதைக்கூட எங்களுக்குச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை, எங்கள் எல்லாருடைய கைப்பேசியும் அதே டவர். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு பட்டணத்துப் பக்கம் ஓட்டி, ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரண்டு கோடு சிக்னல் கிடைத்த பிறகுதான் பேசினேன். இரவு முழுக்க கேஸை எரித்து வீணாக்கினோம்.

இப்போது என் கேள்வி. எங்கள் மாதிரி சின்ன பிளாண்ட் ஒன்று தனக்கென்று ஓர் அலைவரிசை வாங்கி ரேடியோ வழியாகவே பட்டணத்து சப்ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்ப முடியுமா? வாங்கினால் அது உண்மையிலேயே நமதா, இல்லை பக்கத்துத் தோட்டத்தில் எவனாவது வாக்கிடாக்கியை அமுக்கினால் போச்சா? அப்புறம் இன்னொன்று, இது வெறும் ஆசைக் கேள்வி: எங்களை விடுங்கள், மின்சாரக் கம்பெனிகளே ஏன் தங்களுக்கென்று அலைக்கற்றை வாங்கி வைத்துக்கொள்வதில்லை? எங்கள் மேனேஜர், “ஊரெல்லாம் 5ஜி வந்தாச்சு, நீ என்னப்பா வாக்கிடாக்கி காலத்துக்குப் போகச் சொல்கிறாய்” என்று சிரிக்கிறார்.


வாக்கிடாக்கி தாத்தா:

தம்பி, உங்கள் மேனேஜர் சிரிக்கட்டும். நான் எல்எல்என் காலத்து ஆள், அதுதான் அப்போதைய தேசிய மின்சார வாரியம். 1990ல் அது தெனாகா நேஷனலாக மாறுவதற்கு முன்பே வயர்லெஸ் பிரிவில் சேர்ந்தவன், இப்போது பென்ஷன் வாங்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் காலத்தில் லேண்ட்ரோவரில் விஎச்எஃப் செட் இருக்கும், மலை உச்சியில் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் இருக்கும், ரிப்பீட்டர் கொட்டகைக்குள் பானை பானையாக பேட்டரி வரிசை இருக்கும். அந்த பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் என் முதல் உத்தியோகம். பெரிய இன்ஜினியர் ஒருவர் எங்களிடம் சொல்வார், ஊரில் விளக்கு எரியும்போது உன் ரேடியோ வேலை செய்கிறதா என்று எனக்குக் கவலையில்லை, விளக்கு அணைந்த பிறகு வேலை செய்கிறதா என்று மட்டும் சொல் என்று. அவ்வளவுதான் விஷயம். மற்றவர்களுக்குக் கரண்ட் இருக்கும்போது பேச வேண்டும், மின்சாரக்காரனுக்குக் கரண்ட் போன பிறகுதான் பேச்சே.

1992 செப்டம்பர் 29, 1996 ஆகஸ்ட் 3, இந்த இரண்டு தேதியும் பழைய ஆட்களுக்கு மறக்காது. தீபகற்பம் முழுக்க இருட்டு. அப்படிச் செத்துப்போன கிரிட்டை எழுப்புவது சுவிட்சைத் தட்டுகிற வேலை இல்லை. பெரிய நிலக்கரி, கேஸ் நிலையங்கள் கிளம்பவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். அதனால் முதலில் எழுப்புவது நீர்மின் நிலையங்களைத்தான், தண்ணீரைத் திறந்தால் சுற்றிவிடும். (நம் பேராவிலேயே செண்டரோ அணை 1930ல் கட்டியது, கிந்தா பள்ளத்தாக்கு ஈயச் சுரங்கங்களுக்குக் கரண்ட் கொடுக்க. வெள்ளைக்காரன் நமக்காகக் கட்டவில்லை, ஆனாலும் இன்றும் நிற்கிறது.) ஒரு நிலையம் எழுந்ததும் அதற்கு ஏற்ற அளவு ஊரை மட்டும் சேர்க்க வேண்டும், பிறகு அடுத்த நிலையம், பிறகு இன்னும் கொஞ்சம் ஊர். ஒவ்வொரு அடிக்கும் இந்தப் பக்கம் ஒருவர் “போடவா?” என்று கேட்க வேண்டும், அந்தப் பக்கம் ஒருவர் “போடு” என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் இருவருக்கும் நடுவில் இருப்பது கரண்ட் இல்லாத கைப்பேசி டவர் என்றால், ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். முடியும். நம் நாட்டில் அலைக்கற்றை விஷயமெல்லாம் 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது, பார்த்துக்கொள்வது எம்சிஎம்சி என்கிற தொடர்பு பல்லூடக ஆணையம். மூன்று விதமாகக் கொடுக்கிறார்கள். ஸ்பெக்ட்ரம் அசைன்மென்ட் என்பது கைப்பேசிக் கம்பெனிகள் வாங்குவது, ஒரு பட்டையையே மொத்தமாக எடுத்துக்கொள்வது, உங்களுக்கு அது வேண்டாம். கிளாஸ் அசைன்மென்ட் என்பது பொது மந்தை மாதிரி, யாரும் தனியாக விண்ணப்பிக்க வேண்டாம், விதிக்குள் இருந்தால் யார் வேண்டுமானாலும் மேயலாம். வைஃபை, 919லிருந்து 923 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும் சென்சார் சாமான்கள், தோட்டத்தில் எல்லாரும் வைத்திருக்கிற 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கிடாக்கி எல்லாம் இதில்தான். அதில் உங்களுக்குப் பாதுகாப்பு கிடையாது. பக்கத்தில் ஒருவன் இரைந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நீங்கள் கேட்ட “பக்கத்துத் தோட்டத்தில் எவனாவது அமுக்கினால்” என்பது இந்த மந்தையில் நடப்பது.

நடுவில் இருப்பது அப்பாரட்டஸ் அசைன்மென்ட். அதுதான் உங்களுக்கு. இந்த இடத்தில், இந்தக் கருவியில், இந்த உயரத்தில், இத்தனை வாட்டில், இந்த அலைவரிசையில் என்று குறிப்பிட்டு எழுதித் தருவார்கள், ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரே மூச்சில் தர மாட்டார்கள், முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். கருவிக்கு சிரிம் என்கிற தரச் சோதனை நிறுவனத்தின் சான்றிதழ் வேண்டும், இணையத்தில் மலிவாக வருகிறதே என்று எதையாவது வாங்கித் தொலைக்காதீர்கள். காகிதம் கையில் இருந்தால், எவனாவது உங்கள் அலைவரிசையில் குறுக்கே வந்தால் புகார் செய்யலாம், அவர்கள் வேனில் ஆண்டெனாவோடு வந்து தேடிப் பிடிப்பார்கள். அலைவரிசை வாங்குவது என்றால் காற்றை வாங்குவது இல்லை தம்பி, இந்தப் புகார் செய்கிற உரிமையை வாங்குவது.


கோபுரத்தான்:

நான் எதிர்க்கட்சி. கைப்பேசி டவர் பக்கம் வேலை செய்கிறேன், கோலாலம்பூரில், சொந்த ஊர் கோலகங்சார். திட்டுவதற்கு முன் கேளுங்கள்.

ஆலைக்காரன் சொன்னது நடக்கக் கூடியதுதான், நான் மறுக்கவில்லை. டவருக்கு பேட்டரி என்பது சில மணி நேரக் கதை, உள்ளூர் டவருக்கு எல்லாம் ஜெனரேட்டர் வைத்தால் கட்டுபடியாகாது, வைத்த பேட்டரியையும் சில இடத்தில் கழற்றிக்கொண்டு போய் விற்றுவிடுகிறார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அதற்குப் பதில் சொந்தமாக ரேடியோ வலை கட்டு என்பதா? அலைவரிசை கையில் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். நிலத்துக்கு கிராண்ட் (பட்டா) வந்துவிட்டால் வீடு எழும்பிவிடுமா? டவர் யார் கட்டுவது, இடி விழுந்தால் யார் ஏறுவது, பத்து வருஷம் கழித்து அந்த மோடத்துக்கு ஸ்பேர் யார் கொடுப்பது? எங்களைப் போல லட்சக்கணக்கான வாடிக்கையாளர் தலையில் செலவைப் பிரித்துப் போட முடிகிறவர்களுக்கே மூச்சு முட்டுகிறது.

அப்புறம் இன்னொரு பக்கம். ஒரு மின் கம்பெனி ஆர்டியுவுக்கு எவ்வளவு டேட்டா வேண்டும்? ஒரு வாட்ஸ்அப் போட்டோ அளவுகூட இல்லை. அந்தச் சொட்டுக்காக நாட்டின் அலைக்கற்றையில் ஒரு துண்டை வெட்டி வேலி போட்டு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு வெவ்வேறு கம்பெனி சிம் போடும் மோடம் வாங்குங்கள், இரண்டும் வெவ்வேறு டவரில் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள், சும்மா இரண்டு சிம் போட்டு இரண்டும் ஒரே டவர் கம்பத்தில் தொங்கினால் பிரயோஜனமில்லை. பொது இன்டர்நெட்டில் போகாமல் தனி ஏபிஎன், அதாவது கைப்பேசி வலைக்குள்ளேயே உங்களுக்கென்று ஒரு தனி வாசல் கேளுங்கள். மோடத்துக்கு நல்ல யுபிஎஸ் வையுங்கள். தொண்ணூறு விழுக்காடு பிரச்சினை இதோடு தீரும்.


வாக்கிடாக்கி தாத்தா:

கோபுரத்தான் தம்பி சொன்ன இரட்டை சிம் நல்ல யோசனை, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மிச்சம் பத்து விழுக்காட்டில்தானே இவருடைய டுரியான் மரம் விழுந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வலையில் தொங்குகிறவன் உங்கள் காலண்டரிலும் தொங்க வேண்டும். 2021 கடைசியில் 3ஜியை நிறுத்தினீர்களே. கைப்பேசி வைத்திருந்தவன் புதுக் கைப்பேசி வாங்கிக்கொண்டான். 3ஜி மோடம் போட்ட பெட்டி எத்தனை தோட்டத்துக்குள், எத்தனை கம்பத்து மேல் இருந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஆள் போய்க் கழற்றி மாட்ட வேண்டும். மின்சார சாமான் இருபது முப்பது வருஷம் இருக்கும் என்று போடுவது. உங்கள் ஜி பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாறுகிறது.


டப்ளின் மழை:

தாத்தாவுக்கு வணக்கம், அண்ணன்களுக்கும். நான் சுங்கை சிப்புட் பெண், இப்போது அயர்லாந்தில் மின்துறை சார்ந்த வேலை. ஆலைக்காரன் அண்ணன் “ஆசைக் கேள்வி” என்று சொன்னாரே, அது ஆசை இல்லை, சில நாடுகளில் நடந்து முடிந்த காரியம். இங்கேயே 2019ல் ஏலம் வைத்தார்கள், 410, 420 மெகாஹெர்ட்ஸ் பக்கம். மின் விநியோகம் செய்யும் இஎஸ்பி நெட்வொர்க்ஸ் கையில் அதில் 2 தரம் 3 மெகாஹெர்ட்ஸ் (போக 3, வர 3) வந்தது, ஸ்மார்ட் கிரிட்டுக்கென்றே, 15 வருஷத்துக்கு. ஜெர்மனியில் 2021ல் 450 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 450கனெக்ட் என்ற கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அதில் மின்சாரம், தண்ணீர், கேஸ் கம்பெனிகள் பங்காளிகள். கரண்ட் போனாலும் 72 மணி நேரம் அந்த வலை நிற்க வேண்டும் என்பதை மனதில் வைத்துத்தான் அதைக் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் 2020ல் 900 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பழைய குறுகிய சேனல்காரர்களை ஓரத்துக்கு நகர்த்தி 2 தரம் 3 மெகாஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கினார்கள், அதை வைத்திருக்கும் ஆன்டரிக்ஸ் என்ற கம்பெனி மின் கம்பெனிகளுக்குக் குத்தகை விடுகிறது.

கோபுரத்தான் அண்ணன், “நாட்டின் அலைக்கற்றையில் ஒரு துண்டு” என்று நீங்கள் சொன்னதைக் கொஞ்சம் அளந்து பாருங்கள். 3 மெகாஹெர்ட்ஸ் போக, 3 மெகாஹெர்ட்ஸ் வர. 5ஜிக்கு 3500 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கம்பெனிக்கே 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்று கேட்கிறார்கள். இது மைதானத்து ஓரத்தில் ஒரு சைக்கிள் நிறுத்துகிற இடம். சொட்டு டேட்டாதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தச் சொட்டு நெரிசலில் நிற்கக் கூடாது. உங்கள் வலையில் கரண்ட் போன அடுத்த நிமிஷம் என்ன நடக்கும்? ஊரே கைப்பேசியை எடுத்து “உன் வீட்டிலும் போச்சா?” என்று கேட்கும். ஆர்டியு வரிசையில் நிற்கும்.

2025 ஏப்ரல் 28 ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டும் முழுக்க இருண்டதே, அன்று நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கைப்பேசி எல்லாம் வேலை செய்தது. மணி ஆக ஆக டவர் பேட்டரிகள் தீர்ந்து ஒவ்வொரு பகுதியாக அணைந்தது. போர்ச்சுகலில் என்னோடு வேலை செய்தவருடைய குடும்பம் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுச் செய்தி தெரிந்துகொண்டார்கள்.

ஏன் எல்லாரும் 400, 450, 900 என்று கீழேயே சுற்றுகிறார்கள் என்றால், நம் ஊர் மாதிரி இடத்துக்குத்தான் அதன் அருமை தெரியும். அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரே வகை ஆண்டெனாவில் 6 டெசிபல் இழக்கிறோம். 450லிருந்து 1800க்குப் போனால் 12 டெசிபல், அதாவது சக்தியில் பதினாறில் ஒரு பங்குதான் வந்து சேரும். அதோடு இலை. ஈரமான செம்பனை ஓலை வழியாக அலை போக வேண்டும் என்றால் மேலே போகப் போக இன்னும் மோசம். கீழ்ப்பட்டையில் நாலு டவர் செய்கிற வேலைக்கு மேல்பட்டையில் எத்தனையோ டவர் வேண்டும். ஆலை, குடியிருப்பு, ஆறு தாண்டி இன்னொரு குடியிருப்பு என்று சிதறிக் கிடக்கிற ஊருக்கு எது என்று நீங்களே சொல்லுங்கள்.

வாங்கி வைத்தாலும் நிம்மதி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மின் கம்பெனிகள் 6 கிகாஹெர்ட்ஸில் சப்ஸ்டேஷனுக்கு சப்ஸ்டேஷன் மைக்ரோவேவ் இணைப்பு வைத்திருந்தார்கள். 2020 ஏப்ரலில் அந்தப் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாத வைஃபைக்கும் திறந்துவிட்டார்கள். குறுக்கீடு வரும் என்று கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்தன, பெரும்பாலும் எடுபடவில்லை. தாத்தா சொன்ன புகார் செய்கிற உரிமை, எதன் மீது, எவ்வளவு தூரம் என்பதை வாங்கும்போதே படிக்க வேண்டும்.


கடைக்காரி அக்கா:

எனக்கு மெகாஹெர்ட்ஸ் எல்லாம் புரியவில்லை, ஆனால் டுரியான் மரம் விழுந்த அன்று என் கடை பிரீசரில் இருந்த ஐஸ்கிரீம், கோழி எல்லாம் போனது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரே ஒரு கேள்வி. மின்சாரக் கம்பெனி அலைக்கற்றை வாங்கினால் அந்தக் காசு என் பில்லில் ஏறுமா ஏறாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.


டப்ளின் மழை:

ஏறும் அக்கா. எல்லாச் செலவும் கடைசியில் பில்லில்தான் வரும், மலேசியாவில் கட்டணத்தை எரிசக்தி ஆணையம் சில வருஷத்துக்கு ஒரு முறை கணக்குப் பார்த்து அனுமதிக்கிறது, நியாயமான முதலீடு என்று ஒத்துக்கொண்டால் அதில் சேரும். அதனால்தான் ஏலத்தில் கைப்பேசிக் கம்பெனியோடு மோதி விலையை ஏற்றி வாங்கக் கூடாது என்கிறேன். அவர்கள் ஒரு மெகாஹெர்ட்ஸை வைத்துச் சம்பாதிப்பார்கள், மின் கம்பெனி அதை வைத்துச் சம்பாதிக்காது, இருட்டு நேரத்தைக் குறைக்கும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஒவ்வொரு முறையும் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்ததே. ஏலம் இல்லாமல் ஒதுக்குவது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை, 5ஜியை முதலில் டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே கம்பெனியிடம் கொடுத்தபோது ஏலமா விட்டார்கள்? சிக்கல் என்னவென்றால், கரண்டுக்கு ஓர் ஆணையம், அலைக்கற்றைக்கு வேறோர் ஆணையம். இருட்டினால் பதில் சொல்கிறவர் ஒருவர், அலைவரிசை கொடுக்கிறவர் இன்னொருவர். எங்கே போனாலும் இந்த இரண்டு மேசைக்கும் நடுவில்தான் கோப்பு தூங்குகிறது, ஐரோப்பாவிலும் அதே கதைதான்.


கடைக்காரி அக்கா:

ஏறும் என்று நேராகச் சொன்னதற்கு நன்றி தங்கச்சி. என் கோழிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.


கோபுரத்தான்:

சைக்கிள் நிறுத்தும் இடம் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டீர்கள் தங்கச்சி. சரி, பட்டை ஒதுக்குவது நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். என் பிடிவாதம் ஒன்று மட்டும்: மின்சாரம் தனி, தண்ணீர் தனி, ரயில் தனி என்று ஆளுக்கொரு வலை கட்டாதீர்கள். ஜெர்மனி மாதிரி சேர்ந்து கட்டினால் நானே வந்து டவர் ஏறுகிறேன்.

ஆனால் அதெல்லாம் எப்போது வரும்? ஆலைக்காரனுக்கு அடுத்த மழைக்கு முன்னால் பதில் வேண்டும்.


ஆலைக்காரன்:

அதேதான் அண்ணே. எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேனேஜரிடம் 72 மணி நேரம் என்பதைச் சொன்னேன், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இரட்டை சிம் மோடத்துக்கு ஒத்துக்கொண்டார். இரண்டாவது சிம் எந்த டவரைப் பிடிக்கிறது என்று பார்த்தால், கோபுரத்தான் அண்ணன் சந்தேகப்பட்டது சரி, அதே கம்பம். மூன்றாவது கம்பெனி ஒன்று வேறு மலையிலிருந்து ஒரு கோடு பிடிக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை.

சாட்டிலைட் போடலாமா என்று ஒருவர் கேட்டார். மழை தூறினாலே ஆஸ்ட்ரோ படம் நிற்கிற ஊரில் அதையே ஒரே வழியாக நம்ப எனக்குப் பயம். ஃபைபர் இழுக்கலாமா என்றால், 132 கேவி கோபுரத்தில் மேலே போகிற எர்த் ஒயருக்குள்ளேயே ஃபைபர் உண்டு, எங்கள் 11 கேவி கம்பத்தில் அது இல்லை. தனியாக இழுத்துக் கட்டினாலும் கரண்ட் லைன் போகிற அதே கம்பம், அதே டுரியான் மரம்! இரண்டும் ஒன்றாகப் போகும்.

அதனால் தாத்தா சொன்ன ரேடியோவைத்தான் இரண்டாவது வழியாக வைக்கலாம் என்று நினைக்கிறேன், சிம் முதல் வழி. சப்ஸ்டேஷன் பக்கம் ஆண்டெனா வைக்க அனுமதி கேட்க வேண்டும், அது தனிப் போராட்டம். ஆலையிலிருந்து பட்டணம் நேர்க்கோட்டில் 14 கிலோமீட்டர். 9600 வேகத்தில் எங்கள் தகவல் போகுமா தாத்தா?


வாக்கிடாக்கி தாத்தா:

தாராளமாக. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகல சேனல் ஒன்று போதும். 9600 பிட் என்றால் வினாடிக்கு ஆயிரத்துச் சொச்சம் எழுத்து, உங்கள் பிரேக்கர், கிலோவாட், வோல்டேஜ் எல்லாம் சேர்த்தால் இருநூறு முந்நூறு எழுத்து இருக்கும். ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், இது நிலவரம் சொல்வதற்கும் மெதுவான கட்டளைக்கும்தான். லைனில் பழுது வந்தால் பிரேக்கரைத் தட்டுகிற பாதுகாப்பு ரிலே வேலையை இதன் தலையில் கட்டாதீர்கள். நம் 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றே 20 மில்லிசெகண்ட், அந்த வேலைக்கு உங்கள் இன்ஜின் பக்கத்தில் இருக்கும் ரிலேதான் சரி. லைன் செத்தால் இன்ஜின் உடனே விலக வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு நீங்கள் எமன். அந்த விஷயத்தில் எந்த ரேடியோவையும் நம்பாதீர்கள், என்னுடையதையும்.

பதினான்கு கிலோமீட்டருக்கு இரண்டு பக்கமும் யாகி ஆண்டெனா போடுங்கள், நம் பழைய டிவி ஆண்டெனா மாதிரியே இருக்கும். பார்வை மறையாமல் இருந்தால் மட்டும் போதாது. 450 பக்கம் என்றால் பாதி வழியில் அந்தக் கோட்டைச் சுற்றி கிட்டத்தட்ட 48 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவி நிற்கும். அதில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் கீழ்ப்பட்டை மரத்து மேல் வளைந்து கொஞ்சம் இறங்கும், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாய்லர் புகைபோக்கி பக்கத்தில் உயரமான கட்டுமானம் ஏதாவது இருக்கிறதா? சூடு, புகை படாத பக்கமாகப் பாருங்கள், கூடவே நல்ல எர்த், இடி தாங்கி. பேராவில் இடி சும்மா விடாது.

விண்ணப்பத்தில் ஆண்டெனா உயரம் எழுத வேண்டும் என்று சொன்னேன் அல்லவா. எழுதுவதற்கு முன் நடுவில் இருக்கிற தோட்டத்தில் செம்பனை எத்தனை வயது என்று விசாரியுங்கள்.


ஆலைக்காரன்:

மரத்து வயது எதற்கு தாத்தா?


வாக்கிடாக்கி தாத்தா:

செம்பனை வருஷத்துக்கு ஓரடியிலிருந்து இரண்டடி வளரும் தம்பி. இன்று மரத்துக்கு மேல் போகிற உங்கள் கோடு ஐந்தாறு வருஷத்தில் ஓலைக்குள் போகும். இருபத்தைந்து வருஷம் ஆன மரம் என்றால் சீக்கிரம் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள், உங்களுக்கு யோகம். பத்து வயது மரம் என்றால் கம்பத்தை இப்போதே இன்னும் ஐந்தாறு மீட்டர் தூக்கிக்கொள்ளுங்கள்.


ஆலைக்காரன்:

தோட்டத்துக் கிராணியிடம் (கணக்குப்பிள்ளை) கேட்டுவிட்டேன். நடுவில் இருக்கிற இரண்டு பீல்டில் ஒன்று மறுநடவு ஆகி மூன்று வருஷம், இன்னொன்றுக்கு பதினொரு வயது. எதற்கு இதெல்லாம் கேட்கிறாய், நிலம் வாங்கப் போகிறாயா என்கிறார். கம்பத்துக்கு 30 மீட்டர் என்று எழுதி மேனேஜர் மேசையில் வைத்திருக்கிறேன்.